பொத்தானுக்கு மூச்சுவிட இடம்

கேள்வி: புத்வார் பேட்டில் திரை, பொத்தான் எல்லாம் வாங்கிவிட்டேன். கையடக்க கேம் கன்சோலுக்கான கூட்டை வீட்டு 3டி பிரிண்டரிலேயே செய்யலாமா?
– வாசகர், கோத்ருட், புனே

பதில்: தாராளமாக! பாகங்களை அளக்க வெர்னியர் காலிப்பர் வாங்கினீர்களா? பொத்தானைச் சுற்றி 0.3 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். இல்லையேல் அழுத்திய பொத்தான் உள்ளேயே குடியேறிவிடும். பிரிண்டரில் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகும். ஏப்ரல் வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் ஆடாமலேயே ‘கேம் ஓவர்’! பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக் ஏறக்குறைய 80 வரை தாங்கும், அதையே எடுங்கள். லித்தியம் பேட்டரிப் பக்கம் திருகாணி முனை எட்டிப்பார்க்கவே கூடாது; பேட்டரி உப்பினாலும் நெருக்காத அளவு இடம் வேண்டும்.

பெரிய இயந்திரங்களைப் பார்க்க ஆசையா? உங்கள் மாவட்டத்திலேயே பாபல் கிராமம் இருக்கிறது. இந்துஸ்தான் லீவர் ஆய்வு வேலையை விட்டுவந்த டாக்டர் கல்பாக் 1983-ல் அங்கே விக்யான் ஆசிரமம் தொடங்கினார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு வெளியே அமைந்த முதல் ‘ஃபேப் லேப்’களில் (கணினிவழி இயங்கும் இயந்திரங்கள் கொண்ட செய்முறைப் பட்டறைகளில்) ஒன்று அங்கே 2002-ல் வந்தது. பள்ளிப் படிப்பை விட்ட பிள்ளைகளும் கைத்தொழில் பழகும் இடம் அது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, கூட்டின் வரைபடத்தோடு ஒரு நடை போய்வாருங்கள்.