மூஞ்சிக்கு வந்த சோதனை

எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று ஓர் எகிப்தியச் சுருள் இருக்கிறது. வயது சுமார் 3,600. முன்பக்கம் முழுக்க அடிபட்டவர்கள்: மண்டை பிளந்தவன், மூக்கு உடைந்தவன், கழுத்து பிசகியவன் என்று மொத்தம் 48 கேஸ். சிலரைப் பற்றி, இது வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது என்று கறாராக எழுதிக் கைகழுவியிருக்கிறார்கள். சுருளைத் திருப்பினால் கிழவனை வாலிபனாக்கும் களிம்பு! ஏதோ ஒரு காயை உடைத்து, வேகவைத்து, காயவைத்து, அரைத்துப் பூசினால் சுருக்கம் போய்விடுமாம். அது வெந்தயம் என்று ஒரு கட்சி, கசப்பு வாதுமை என்று இன்னொரு கட்சி. மண்டை பிளந்தவனைக் கைவிட்ட சுருள், கன்னம் சுருங்கியவனைக் கைவிடவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை விதி ஒன்றுதான். உலகத்தில் புதிதாக, பயங்கரமாக எது வந்தாலும் முதலில் அதை மூஞ்சியில் போட்டுப் பார்ப்பது.

கழுதை பயங்கரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். நீரோவின் மனைவி போப்பியா வெளியூர் போனால் பால் குளியலுக்காக 500 கழுதைகள் கூடவே போகும் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். நம் தெருவில் கழுதைப்பால் வந்தால் கைக்குழந்தைக்கு ஒரு சங்கு புகட்டுவதோடு சரி. அந்த அம்மாளுக்குத் தொட்டி நிறைய வேண்டும். பால் புளித்தால் அதில் லாக்டிக் அமிலம் இருக்கும். இன்றைக்குக் கிளினிக்கில் ‘பீல்’ என்று பில் போடுகிறார்களே, அதிலும் அதே அமிலம் உண்டு. அந்த 500 கழுதைகளை மேய்த்தவன் தோல் எப்படி இருந்தது என்றுதான் யாரும் எழுதிவைக்கவில்லை.

ஐரோப்பா வெள்ளை ஈயத்தைக் கையில் எடுத்தது. பூசினால் பளிச். நாளடைவில் தோல் கெடும். கெட்டதை மறைக்க இன்னொரு பூச்சு. வட்டி கட்டக் கடன் வாங்குகிற கணக்கு. லண்டனையே கிறங்கடித்த மரியா கன்னிங்குக்குக் காவென்ட்ரி பிரபு புருஷனாக வாய்த்தார். அவருக்கு முகப்பூச்சே பிடிக்காது. பாரிஸ் விருந்தொன்றில் மனைவியைச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றித் துரத்திப் பிடித்து, நாப்கினால் முகத்தைத் தேய்த்துத் துடைத்தார் என்று அந்தக் காலத்து வம்புக் கடிதம் சொல்கிறது. துடைத்தால் மட்டும் விட்டுவிடுகிற ஜாதியா அது? 1760-ல், முப்பதைத் தொடாமலே அவள் போய்ச் சேர்ந்தாள். ஈயம்தான் கொன்றது என்றது ஊர்.

அடுத்து வந்தது மெழுகு. 1899-ல் வியன்னா டாக்டர் கெர்சுனி, பாரஃபினை உருக்கி ஊசியில் ஏற்றலாம் என்று கண்டுபிடித்தார். குழி இருக்கும் இடத்தில் குத்தினால் மேடாகும். பஞ்சர் ஒட்டுவது போலச் சுலபம். கிளாடிஸ் டீகன் என்ற அமெரிக்கப் பேரழகிக்கு 22 வயதில் ஒரு குறை தோன்றியது: நெற்றியிலிருந்து மூக்குவரை கிரேக்கச் சிலை மாதிரி நேர்கோடாக இல்லையே! 1903-ல் மெழுகை ஏற்றிக்கொண்டாள். மெழுகு என்பது வெயில் கண்டால் இளகும் சாமான் என்று நம் வீட்டுக் கார்த்திகை மெழுகுவர்த்திக்கே தெரியும். அது மூக்கை விட்டு இறங்கி, மெல்லத் தாடைப் பக்கம் குடிபோயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானாலும் 1921-ல் மார்ல்பரோ பிரபுவை அவள் மணந்தாள். அவருடைய பிளெனம் அரண்மனை வாசல் விதானத்தில் அவள் நீலக் கண்களை இன்றும் பார்க்கலாம். பெயின்டில் வரைந்தது, வழியாது.

ஆனால் இந்தப் பட்டியலில் என் ஓட்டு ரேடியத்துக்குத்தான். இருட்டில் தானே ஒளிர்கிற பொருள், முகத்தை ஒளிர வைக்காதா என்ன? 1930-களில் பாரிஸில் ‘தோ-ரேடியா’ கிரீம் வந்தது. உள்ளே நிஜமாகவே தோரியமும் ரேடியமும். தயாரிப்பில் டாக்டர் ஆல்ஃபிரட் கியூரி என்று ஒரு பெயர். மேரி கியூரிக்கு இவர் ஒன்றுவிட்ட பங்காளிகூடக் கிடையாது. சென்னையில் திருநெல்வேலி அல்வா போர்டு மாட்டுகிற மாதிரிதான். கிரீம் அமோகமாக விற்றுக்கொண்டிருந்த 1934-ல், நிஜ கியூரி அம்மையார் ரத்தம் ஊறாமல் போகும் நோயில் இறந்தார். ஆயுள் முழுக்கக் கதிர்வீச்சோடு புழங்கியதற்கான கூலி. அவருடைய நோட்டுப் புத்தகங்கள் இன்னும் கதிர்வீசுகின்றன. பாரிஸ் சீமாட்டிகளின் பவுடர் டப்பாக்களை யாராவது அளந்து பார்த்திருக்க வேண்டும்.

இதற்குச் சளைக்காதது பன்றி இறைச்சிக் கதை. 1820 வாக்கில் ஜெர்மனியில் கெட்டுப்போன சாசேஜைத் தின்று ஜனங்கள் செத்தார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற டாக்டர் ஆராய்ந்தார். அவர் கவிஞரும்கூட, ஆகவே துணிச்சல் ஜாஸ்தி. அந்த விஷத்தைத் தானே கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்துக் குறிப்பெழுதினார். கொஞ்சமாகக் கொடுத்தால் இது மருந்தாகலாம் என்றும் சொல்லிவைத்தார். லத்தீனில் சாசேஜ் ‘பொட்டுலஸ்’. விஷத்தின் பெயர் ‘பொட்டுலினம்’. நரம்பிலிருந்து தசைக்கு வருகிற உத்தரவை அது வழிமறித்துவிடும். தசை வேலைநிறுத்தம் செய்யும்.

பிற்பாடு ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் இதை மாறுகண்ணுக்குப் பயன்படுத்தினார். 1987-ல் வான்கூவரில் கண் டாக்டர் ஜீன் கரதர்ஸிடம் இமைத் துடிப்புக்கு வந்துகொண்டிருந்த அம்மாள், இந்தத் தடவை புருவத்தில் ஏன் ஊசி போடவில்லை என்று சண்டைக்கு வந்தாள். போட்டால் முகத்தில் கவலையே தெரிவதில்லையாம்! ஜீனின் கணவர் தோல் டாக்டர். ராத்திரிச் சாப்பாட்டில் விஷயம் பேசியாயிற்று. மறுநாளே கிளினிக் வரவேற்பாளரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதலாளி ஊசியோடு நின்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? 2002-ல் அமெரிக்க அரசு புருவ நடுச் சுருக்கத்துக்கு, பொட்டுலினத்தில் செய்த போடாக்ஸை அனுமதித்தது. இப்போது சாசேஜ் விஷத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்கிறார்கள். மூன்று நான்கு மாதத்தில் முகத்துக்குக் கோபப்படும் சக்தி திரும்பிவிடும். அடுத்த பில்லைப் பார்க்க அது தேவைப்படும்.

லேசர் வந்தது 1960-ல், கலிபோர்னியாவில், தியோடர் மைமன் கையில். கண்டுபிடித்தாயிற்று, எதற்கு என்றுதான் தெரியவில்லை. ஆனால் மூன்று வருஷத்துக்குள் சின்சினாட்டி தோல் டாக்டர் லியோன் கோல்ட்மன் அதை மனிதத் தோலில் பாய்ச்சிவிட்டார், விதி அப்படி. பாராமதியில் பிறந்த நம் குமார் படேல் 1964-ல் கார்பன் டையாக்சைடு லேசரைச் செய்தார். இரும்பு வெட்டும் சமாச்சாரம். அதன் கதிரைத் தண்ணீர் அப்படியே குடித்துவிடும். தோலில் தண்ணீருக்கா பஞ்சம்? 1990-களில் மேல்தோலையே பொசுக்கிவிட்டு, புண் ஆறும்போது புதுக் கொலாஜன் முளைக்கட்டும் என்று காத்திருந்தார்கள். முகம் வாரக்கணக்கில் தக்காளித் தொக்கு. மாநிறக்காரர்களுக்கு ஆறிய இடத்தில் கருந்திட்டு உபரி. 2004-க்குப் பிறகுதான் வயலைக் கொளுத்தாமல் நாற்று நடுவதுபோலப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, நடுவே நல்ல தோலை மிச்சம் வைக்கும் நாகரிகம் வந்தது.

2012-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் 69 வயது டிரக் ஓட்டுநர் ஒருவரின் படத்தைப் போட்டது. 28 வருஷம் வண்டி ஓட்டியவர். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். ஜன்னல் கண்ணாடி வழியே வந்த வெயிலில் இடது கன்னம் உழுத நிலமாகக் கிடந்தது. வலது கன்னம் கிட்டத்தட்ட வழவழ. அந்தப் பக்கத்துக்குக் கழுதையும் இல்லை, ரேடியமும் இல்லை, லேசரும் இல்லை. வண்டிக் கூரையின் நிழல். அதுவும் கம்பெனி செலவில்.