மறுகொதி இயல்

இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில் ரிபொல்லீத்தா என்றொரு சூப் உண்டு. வெள்ளை ராஜ்மா இனத்தைச் சேர்ந்த கன்னெல்லீனி பயறும் கறுப்புக் கோஸும் காய்ந்த ரொட்டியும் ஒரே பாத்திரத்தில் வெந்து, தாம் தனித்தனியே யார் என்பதை மறந்துபோன நிலைக்கு அந்தப் பெயர். பெயரைப் பிரித்தால் 'ரி' என்பது மறுபடி. 'பொல்லீத்தா' என்பது கொதித்தது. மறுபடி கொதித்தது. நம் இலக்கணப்படி வினையாலணையும் பெயர். அது காலம் காட்டும் என்பது பள்ளிக்கூடத்தில் பிரம்படியோடு படித்த பாடம். இங்கே காட்டுவது இறந்தகாலம்.

சிக்கல் அங்கேதான். மறுபடி கொதித்த ஒன்று, முதல்முறையாகக் கொதித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெயரால் வழங்கும்? அடுப்பில் இருப்பதைக் காட்டி "ரிபொல்லீத்தா செய்கிறேன்" என்பவர் பொய் சொல்கிறாரா, இலக்கணம் மீறுகிறாரா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கூடம், எங்கள் வீட்டுச் சமையலறை. கருவி, ஐந்து லிட்டர் பிடிக்கும் அடிகனத்த பாத்திரம். நிதிநல்கை, மாதக் கடைசிக்கென்று வைத்திருந்த பணம். நெறியாளர், யாரும் அமர்த்தாமலே வந்து நின்ற என் மனைவி.

முதலில் பெயர்களைச் சுத்தம் செய்துகொள்வோம். இத்தாலியர் சூப் எல்லாவற்றையும் சூப் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அல்லர். ரொட்டி ஊறினால் அது ஸுப்பா. பாஸ்தாவோ அரிசியோ வெந்தால் மினெஸ்த்ரா. இப்படி வரம்பு கட்டிய அதே மக்கள், "ஸுப்பா இல்லையென்றால் நனைந்த ரொட்டி" என்று ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான், விடு என்பது பொருள். வகைப்பாட்டியலைக் கண்டுபிடித்துவிட்டு மறுநிமிடமே அதைக் கைகழுவிய பெருந்தன்மை வேறெந்தத் துறையிலும் காணக்கிடைக்காது.

மினெஸ்த்ரா என்ற சொல் 'பரிமாறுதல்' என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்து மினிஸ்டரும் அதே வேரில் முளைத்தவர்தான். சூப் இன்றும் பரிமாறப்படுகிறது. மற்றவரைப் பற்றி இக்கட்டுரை கருத்துச் சொல்லாது. இந்த மினெஸ்த்ராவோடு பெருமை காட்டும் விகுதியைச் சேர்த்தால் மினெஸ்த்ரோனே, அதாவது 'பெரிய மினெஸ்த்ரா'. சேர்த்தவுடன் இன்னொன்றும் நடக்கிறது: பெண்பாலாக இருந்த சொல் ஆண்பாலாகிவிடுகிறது. பாத்திரத்தில் நாலு காய் கூடுதலாக விழுந்ததற்கே பால் மாறும் மொழி அது. சூப்பை அஃறிணையில் உட்காரவைத்த நம் முன்னோரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஊருக்கு ஊர் பாடபேதமும் உண்டு. மிலானில் மினெஸ்த்ரோனேயில் அரிசி விழும்; கோடையில் அதை ஆறவைத்தே உண்பார்கள். ஜெனோவாவில் அடுப்பை அணைத்தபின் துளசி அரைத்த பெஸ்தோவைக் கலப்பார்கள். அப்ருத்ஸோ வட்டாரத்துத் தெராமோவில் மே 1ஆம் தேதி, குளிர்காலம் முழுவதும் சேமித்த பயறுகளின் அடிமிச்சத்தையும் வசந்தத்தின் முதல் காய்கறிகளையும் சேர்த்து ஒரு சூப் வைப்பார்கள். பெயர் லெ விர்த்தூ, 'நற்குணங்கள்'. அலமாரியைச் சுத்தம் செய்வதற்கு இவ்வளவு அழகான பெயரை யாரும் வைத்ததில்லை. மரெம்மா பகுதியில் அக்வாகோத்தா என்றொன்று உண்டு. நேர்ப்பொருள் 'வெந்த தண்ணீர்'. வறுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இனி வரலாறு. டஸ்கனிக்காரர்களை மற்ற இத்தாலியர் 'பயறு தின்னிகள்' என்று கேலி செய்வது வழக்கம். ஆனால் அவர்கள் இன்று தின்னும் கன்னெல்லீனியும் பொர்லோத்தியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பிறகே ஐரோப்பாவுக்கு வந்தன. அஃதேல், அதற்கு முன் இத்தாலியர் எந்தப் பயற்றைத் தின்றனர் எனின், ஃபாவா மொச்சையும், கொண்டைக்கடலையும், கறுப்புக் கண் வைத்த நம் காராமணியும் என்க. ஆப்பிரிக்காவில் தோன்றிய காராமணி ரோமானியர் காலத்திலேயே அங்கே வேரூன்றிவிட்டது. புதுப்பயறு வந்ததும் பழையதன் பெயரான ஃபஜோலியை எடுத்து அதற்குச் சூட்டிவிட்டார்கள். ஆகவே பழைய ஏடுகளில் ஃபஜோலி என்று கண்டவுடன் ராஜ்மாவை ஊறப்போடுவது ஆய்வு நேர்மைக்கு உகந்ததன்று. 1580களில் ஆன்னிபாலே கராச்சி வரைந்த 'பயறு தின்பவன்' ஓவியம் ரோமின் கொலோன்னா காட்சிக்கூடத்தில் இருக்கிறது. வாய்க்குப் போகும் கரண்டியிலிருந்து சாறு சொட்ட, பக்கத்தில் ரொட்டியும் வெங்காயத்தாளும் கிடக்க, 'நான் சாப்பிடும்போது உனக்கு என்ன வேலை' என்று அந்த மனிதன் நம்மை முறைக்கிறான். இரண்டாம் நாள் சூப்பைப் பாதுகாக்க முயலும் எவர் முகமும் அப்படித்தான் இருக்கும். பிறகு வருகிறேன் இதற்கு.

சூப்பின் மேல் விழுந்த ஒரு பழியையும் துடைத்துவிட்டே நகரவேண்டும். பெல்லெக்ரீனோ ஆர்தூசி 1820இல் ஃபோர்லிம்போபொலியில் பிறந்தவர். ஃபுளோரன்ஸில் வியாபாரம் செய்து பொருள் சேர்த்தவர். 1891இல், எழுபதை எட்டிய பிறகு, சமையலின் அறிவியல் பற்றி ஒரு நூலைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். இத்தாலிய வீடுகளில் இன்றும் ஆட்சி செய்யும் நூல் அது. அதில் மினெஸ்த்ரோனே செய்முறைக்கு முன்னால் ஒரு கதை சொல்கிறார். 1855இல் கடல் நீராடலுக்காக லிவோர்னோ போனவர், ஒரு விடுதியில் மினெஸ்த்ரோனே சாப்பிட்டுவிட்டு, வாடகை அறையில் படுத்தார். இரவெல்லாம் வயிறு புரட்டி எடுத்தது. சூப்பைச் சபித்துத் தீர்த்துவிட்டுக் காலையில் ரயிலேறி ஃபுளோரன்ஸ் திரும்பிவிட்டார், உடம்பும் தேறிவிட்டது. பிறகுதான் செய்தி வந்தது: லிவோர்னோவில் காலரா. முதலில் மாண்டவர் அவர் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்கு இதைவிட நல்ல சான்று தருக்க நூல்களில் கிடையாது. ஆர்தூசி பின்னர் அந்தச் சூப்பைப் பலமுறை செய்து, திருத்தி, தம் நூலில் இடம் கொடுத்தார். குற்றமற்றது என்று தெரிந்தபின் குற்றம் சாட்டியவரே கௌரவித்த வழக்கு இது. மற்ற வழக்குகளில் இவ்வளவு எளிதில் நடப்பதில்லை.

இனிச் சோதனை. என் முதல் முயற்சி தோற்றது. தோல்வியை மறைப்பது ஆய்வாளனுக்கு அழகல்ல. ஊறிய பயற்றை நறுக்கிய தக்காளியோடு சேர்த்தே வேகவைத்தேன். மூன்று மணி நேரம் கழித்தும் பயறு கூழாங்கல்லாகவே இருந்தது. காரணம் எளியது. பயற்றின் செல் சுவர்களைப் பிணைத்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் பயறு குழையும்; புளிப்பு அதைக் கரையவிடாது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் அப்படியே. உப்பு மட்டும் அப்பாவி. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். உண்மையில் ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் இன்னும் மிருதுவாகிறது. அன்று இரவு தோசை சாப்பிட்டோம்.

இரண்டாம் முயற்சியில் 400 கிராம் கன்னெல்லீனியை 12 மணி நேரம் உப்புநீரில் ஊறவைத்து, வடித்து, மூன்று லிட்டர் புதுத்தண்ணீரில் நாலு பல் பூண்டும் சில சேஜ் இலைகளும் போட்டு அடுப்பேற்றினேன். ராஜ்மா இனப் பயறுகளில் வயிற்றைக் கலக்கும் லெக்டின் ஒன்று உண்டு. சிவப்பு ராஜ்மாவில் மிகுதி, வெள்ளையில் குறைவு. குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அது அடங்கும். இளஞ்சூட்டில் மட்டும் கிடந்தால் அடங்காது. முதல் கொதியை இளக்காரமாகப் பேசும் மறுகொதி வாதிகள் இதைக் கவனிக்க வேண்டும். அது இல்லையேல் இரண்டாம் நாளைக் காண ஆய்வாளன் தெம்போடு இருக்கமாட்டான்.

கொதித்தபின் தணலைக் குறைத்து ஒன்றரை மணி நேரம். வெந்ததில் பாதியை மசித்து அதே நீரில் கரைத்துவிட வேண்டும். சூப்பின் உடம்பு அதுதான். இன்னொரு பாத்திரத்தில் வெங்காயம், கேரட், செலரி. மூன்றையும் பொடியாக நறுக்கிப் பச்சையாக வைத்திருக்கும்வரை அதன் பெயர் பத்தூத்தோ, 'அடிபட்டது'. ஆலிவ் எண்ணெயில் விழுந்து நிறம் மாறாமல் வதங்கியதும் சொஃப்ரித்தோ, 'மெல்ல வறுபட்டது'. அதன் பிறகுதான் தக்காளி. பிறகு உருளைக்கிழங்கு, சுருக்க இலைக் கோஸ், காவொலோ நேரோ எனப்படும் கறுப்புக் கோஸ். முதலைத் தோல்போல் சொரசொரப்பான நீண்ட இலை. பனி விழுந்தபின் பறித்தால் இனிக்கும் என்பார்கள், குளிரில் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்வதால். கிடைக்காத ஊரில் வேறு கேல் கீரையே போதும். பார்மிஜானோ சீஸைத் துருவி முடித்தபின் மிஞ்சும் தோலையும் உள்ளே போடுங்கள். அது மெழுகல்ல, காய்ந்த சீஸ்தான்.

கடைசியில் ரொட்டி. டஸ்கனி ரொட்டியில் உப்பே கிடையாது. உப்பில்லாததை அவர்கள் ஷொக்கோ என்கிறார்கள். அதே சொல்லுக்கு மடையன் என்றும் பொருள். உப்புச்சப்பில்லாத ஆள் என்று நாமும் சொல்கிறோமே. 1302இல் ஃபுளோரன்ஸிலிருந்து விரட்டப்பட்ட தாந்தே, அடுத்தவர் வீட்டு ரொட்டி உப்புக் கரிப்பதையே நாடுகடத்தலின் துயரமாகத் தம் காவியத்தில் வைத்தார். உப்பில்லா ரொட்டியில் வளர்ந்தவருக்கு அது உவமை மட்டுமல்ல. அந்த ரொட்டி, அதுவும் இரண்டு நாள் காய்ந்தது, சூப்போடு அடுக்கடுக்காகச் சேர்கிறது. இப்போது பாத்திரத்தில் இருப்பதன் பெயர் மினெஸ்த்ரா தி பானே, 'ரொட்டி சூப்'. ரிபொல்லீத்தா இன்னும் பிறக்கவில்லை.

இதற்குள் ஒன்று கவனித்திருப்பீர்கள். அடிபட்டது, வறுபட்டது, வெந்த தண்ணீர், மறுபடி கொதித்தது. இத்தாலியச் சமையலறை நிகழ்காலத்தில் பேசுவதே இல்லை. அடுப்பிலிருப்பதை இன்றே ரிபொல்லீத்தா என்று சொல்வாரை மன்னிக்க நம் இலக்கணத்தில் ஓர் இடம் இருக்கிறது: கால வழுவமைதி. வீட்டில் சட்டை போட்டுக்கொண்டிருப்பவன் போனில் "இதோ வந்துவிட்டேன்" என்கிறானே, அந்த விரைவு. நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்வது. வழுதான், ஆனால் அமைதி உடைத்து.

அற்றாயின் சிக்கல் தீர்ந்தது எனின், அன்று. மறுபடி கொதிக்க, முதலில் மிஞ்ச வேண்டுமே! இறைச்சி தவிர்க்கும் வெள்ளிக்கிழமையில் குடியானவப் பெண்கள் பெரிய பாத்திரம் வைத்துச் சனிக்கிழமை மிச்சத்தைச் சூடாக்கினார்கள் என்று சொல்வதுண்டு. எங்கள் வீட்டில் அன்று நாலு பேர், வாசனை பிடித்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். ஒன்பது மணிக்குப் பாத்திரம் காலி. தமிழில் எச்சம் என்ற சொல்லுக்கு முற்றுப்பெறாத வினை என்றும் மிச்சம் என்றும் பொருள். ரிபொல்லீத்தா இரண்டு வகையிலும் எச்சம். என் பாத்திரத்தில் இருந்ததோ வினைமுற்று.

மூன்றாம் முயற்சியில் அளவைக் கூட்டினேன். பரிமாறுவதற்கு முன்பே பாதியை எடுத்து, ஆழமில்லாத இரண்டு பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பின்னால் வைத்தேன். நெறியாளர் ஆட்சேபம் எழுப்பினார்.

"எடுத்து ஒளிச்சு வெச்சா அது எப்படிங்க மிச்சமாகும்? அதுக்குப் பேரு பதுக்கல்."

இந்த ஆட்சேபத்துக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. மிச்சம் என்பது தானாக நேர்வது; திட்டமிட்டால் அது தன் இயல்பை இழக்கிறது. இதைப் படிக்கும் தமிழர்க்குச் சுண்டவைத்த பழங்குழம்பு நினைவுக்கு வரும். வரட்டும், ஆனால் அதையும் யாரும் முதல்நாளே திட்டமிட்டதில்லை.

மறுநாள் காலை ரொட்டியும் பயறும் இறுகி, கரண்டி நட்டால் நிற்கும் பதத்தில் இருந்தது. குளிரில் இறுகிய மாவுச்சத்து சூட்டில் மறுபடி இளகும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சின்னத் தணலில், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தேன். ஓரங்களில் மெல்லக் குமிழி விட்டது. மேலே பச்சை ஆலிவ் எண்ணெயைச் சுற்றி ஊற்றி, சிவப்பு வெங்காயத்தை மெலிதாக நறுக்கிப் போட்டேன். ஒரு வாய் எடுத்தேன். நேற்றுத் தனித்தனியே பேசிய காய்கள் இன்று ஒரே குரலில் பேசின. டஸ்கனியில் இதைக் கரண்டியால் அல்ல, முள்கரண்டியால் உண்பவர்களும் உண்டு. காரணம் அந்த ஒரு வாயிலேயே விளங்கியது.

நிறத்தையும் பதத்தையும் குறித்துக்கொள்ள நோட்டுப் புத்தகம் தேடி அறைக்குள் போனேன். பேனா கிடைக்க ஐந்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது என் மகன் கடைசித் துண்டு ரொட்டியால் பாத்திரத்தின் அடியை வழித்துக்கொண்டிருந்தான். இத்தாலியர் இதற்கு ஸ்கார்ப்பெத்தா, 'சின்னச் செருப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கராச்சியின் ஓவியத்தில் இருப்பவனைப்போல் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பழசுதானேப்பா," என்றான்.

மறுகொதி இயல் முற்றிற்று.