எண்ணூர் மடவைகளின் மனு

அனுப்புநர்: மடவை, கீச்சான், இறால், நண்டு வகையறா, எண்ணூர் முகத்துவாரம்.
பெறுநர்: தலைவர், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை.
பொருள்: குடியிருக்கும் தண்ணீருக்கு வரம்பு வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

மனுதாரர்கள் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வருபவர்கள். பட்டா கிடையாது, ரேஷன் கார்டும் இல்லை. ஆனாலும் வாரியத்தின் மீது அவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து, ஊர் சனம் மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடிவந்தது. அப்போது கடல்நீரை அளந்து பார்த்ததும் வாரியம்தான். லிட்டருக்கு 49 மில்லிகிராம் அமோனியா இருந்தது, 5-க்குள் இருந்திருக்க வேண்டும் என்று சொன்னதும் வாரியம்தான்.

அந்த 5-தான் மனுதாரர்களுக்கு உறுத்துகிறது. அது கழிவுநீர்க் குழாயின் வாய்க்கு நாடு முழுமைக்கும் பொதுவாகப் போட்ட வரம்பு. மீன்கள் குழாய்க்குள் குடியிருப்பதில்லை. மீன் பிழைக்கத் தக்க ஆற்றுநீருக்கு மத்திய வாரியம் ‘டி’ வகுப்பு என்று ஒன்று வைத்திருக்கிறது. அதன்படி தனி அமோனியா, நைட்ரஜன் கணக்கில், 1.2-ஐத் தாண்டக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் 4-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, வெளியே விடுகிறவருக்கு ஒரு கணக்கு, உள்ளே வாழ்கிறவருக்கு ஒரு கணக்கு. மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் எத்தனை குழாய் வந்து சேர்ந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே பாஸாகிவிடலாம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் வேலை மீனின் செவுளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, சம்பளமில்லாமல்.

வெயில் வேறு. பிஎச் 8 உள்ள நன்னீரை 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே அமோனியாவில் நச்சு வடிவத்தில் இருக்கும் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. உப்புநீரில் அளவு சற்று மாறுமே தவிர, போக்கு மாறாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2013-இல் வெளியிட்ட அமோனியா வரம்பு ஒற்றை எண்ணாக இல்லாமல், பிஎச்சுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும் அட்டவணையாக இருப்பது இதனால்தான். நன்னீர்ச் சிப்பிகள் தாங்கவில்லை என்று தெரிந்ததும் பழைய வரம்பை இறுக்கினார்கள். அந்த ஊரில் சிப்பி சொன்னால் எடுபடுகிறது.

இங்கே சூட்டுக்கும் ஒரு விதி உண்டு. 1999 ஜூனுக்குப் பின் வந்த கடலோர அனல்மின் நிலையமென்றால், குளிர்விக்கும் நீரைச் சுற்றுப்புற நீரைவிட 7 டிகிரி வரை சூடாக விடலாம். அதற்கு முந்தையதென்றால், உள்ளே இழுத்த நீரைவிட 10 டிகிரி வரை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1994-இல் ஓடத் தொடங்கியது. ஆகவே இறால் குஞ்சு சாவதற்கு முன், மேலே பாயும் வெந்நீர் எந்த வருஷத்து நிலையத்துடையது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

அனல்மின் நிலையத்துச் சாம்பலைப் பற்றிக் கைதடவி இறால் பிடிப்பவர்களைக் கேட்கலாம். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிமண்ணைத் துழாவுகிறவர்கள் அவர்கள். செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் ஒழுகிய இடங்களில் விரலில் சிக்குவது சேறு அல்ல, சிமெண்ட் மாதிரி நைசான பொடி.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் மனுதாரர்கள் பாராட்டுத் தெரிவிக்கிறார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது எண்ணெயைப் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே முகத்துவாரத்துக்கு வந்தபோதும் மீனவர்கள் கையில் பக்கெட்தான். தொழில்நுட்பத்தில் இப்படியொரு தொடர்ச்சி வேறெங்கும் காணக் கிடைக்காது.

புகார் இல்லாத குடியிருப்பாளர் ஒருவரும் இருக்கிறார்: காக்கா ஆழி. கப்பல் வழியாக வந்ததாகக் கருதப்படும் இந்தத் தென் அமெரிக்கச் சிப்பி, அடித்தரையை மூடி, இறால் புதையும் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதனிடம் கருத்துக் கேட்டால் தண்ணீர் அருமை என்றே சொல்லும். எனவே வரம்பு வைக்குமுன், மடவைக் குஞ்சையும் இறால் குஞ்சையும் இந்த ஆற்று உப்பிலும் இந்த ஊர்ச் சூட்டிலும் வைத்துச் சோதிக்குமாறு மனுதாரர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அளவுக்கருவியையும் குழாய் வாயிலிருந்து எடுத்து, அவர்கள் மேயும் இடத்தில் போட வேண்டும்.

அதிகாரம் இல்லை என்று வாரியம் தயங்கத் தேவையில்லை. 1974-ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கழிவு போய்ச் சேரும் நீரின் தரத்தை நிர்ணயிக்கவும் மாநிலத்தின் நீர்நிலைகளை வகைப்படுத்தவும் மாநில வாரியத்துக்குச் சொல்லியிருக்கிறது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு மட்டும் அதில் விலக்கு. ஆந்திரத்திலிருந்து நகரி ஆறு வந்து கொசஸ்தலையில் கலக்கிறதே என்று அலுவலகத்தில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். அப்படி எழுதினால் மனுவை மத்திய வாரியத்துக்கு மேலனுப்ப, தில்லி முகவரியிட்ட உறையும் தபால் தலையும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
(கையெழுத்துப் போடத் தெரியாததால் செதில் பதிக்கப்பட்டுள்ளது)