பேரீச்சம்பழத்துக்குப் போடாதவர்

சித்திரை வெயிலில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிக்குப் போனால் இரண்டு பொருள்கள் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம், பழைய வேட்டியில் வரிசையாகப் பிழிந்த வடாம். மறுபக்கம், உடம்பெல்லாம் தயிர் பூசியதுபோல ஏதோ பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு பெட்டி. அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, தலையில் துண்டோடு ஒரு மனிதர். காக்கை வடாமைத் தூக்கிக்கொண்டு போனாலும் அசைய மாட்டார். பெட்டிமேல் உட்கார்ந்தால் மட்டும் எழுந்து ஓடுவார்.

இவர்தான் பெட்டிக்காரர். பகலெல்லாம் புதுக் கம்ப்யூட்டரில் சம்பாதிப்பதை, மாலையில் பழைய கம்ப்யூட்டரில் கொட்டுகிறவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல். தலையில் முடி இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் தயிர் உண்மையில் அழகு நிலையங்களில் முடியை வெளுக்கப் பயன்படுத்தும் கிரீம். 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் தீப்பிடிக்காமல் இருக்க அதில் புரோமின் கலந்தார்களாம்; வெயிலும் வயதும் சேர்ந்து அதை மஞ்சளாக்கிவிட்டது என்பது பழைய கம்ப்யூட்டர் பித்தர்கள் தரப்பு விளக்கம். மருந்தும் வெயில்தான். இந்தக் கிரீமைத் தடவி அதே வெயிலில் வைத்தால் மஞ்சள் இறங்கிவிடுகிறது. கடையில் இவர் இரண்டு லிட்டர் கேட்டதும் பில் போடுகிற பையன் இவர் தலையை ஒருமுறை பார்த்தானாம். "வீட்டுல விசேஷமா சார்?" என்று மட்டும் கேட்டானாம். நல்ல பையன்.

பெட்டிக்காரரின் சனிக்கிழமைகள் காயலான் கடைகளில் கழியும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கும் போவார். ஆனால் அங்கே இப்போது கண்காணிப்பு கேமராவும் செல்போன் உறையும்தான் கண்ணில் படுகின்றன என்று திரும்பி வந்து அலுத்துக்கொள்வார். ஒருமுறை என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். குவியலுக்குள்ளிருந்து ஒரு மதர்போர்டின் மூலை தெரிந்தது. அவர் முகம் உடனே பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையின் மாமாவைப் போல இறுகிவிட்டது. ஆசையை வெளியே காட்டினால் விலை ஏறிவிடும்.

"என்ன பாய், இந்தக் குப்பையெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்க?"

"குப்பை இல்ல சார். சிப்புல தங்கம் இருக்கு."

உண்மைதான். பழைய பீங்கான் பிராசஸர்களின் கால்களில் தங்கப் பூச்சு உண்டு. அதை ஆசிடில் கரைத்துத் தங்கம் எடுக்கத் தனி ஆட்கள் வருவார்கள். உலகத்தில் எங்கே போனாலும் பெட்டிக்காரரின் பரம எதிரிகள் இவர்கள்தான். அதே சரக்குக்கு இரண்டு தரப்பும் போட்டி. ஒருவருக்கு அது கிராம் கணக்கு, மற்றவருக்கு குலதெய்வம்.

பாய் கூடுதலாக ஒரு வார்த்தை சொன்னார். "நேத்துதான் கரன்ட் குடுத்துப் பார்த்தேன். நல்லா ஓடுது சார்."

பெட்டிக்காரரின் முகம் தொங்கிவிட்டது. போர்டைத் திரும்பக் குவியலிலேயே வைத்தார். பிறகு உள்ளே கையை விட்டுத் துழாவி, பேட்டரி கசிந்து பச்சை பூத்துப்போன இன்னொன்றை எடுத்தார். "இது?" "அது செத்துப் போச்சு சார்." "எவ்வளவு?" என்று கேட்டபோது குரல் லேசாக நடுங்கியது. எனக்கு அன்று ஒன்றும் புரியவில்லை.

வீட்டில் இப்படிக் கசிந்த போர்டுக்கான சிகிச்சை சமையலறைப் பொருள்களால் நடக்கிறது. 386, 486 காலத்துப் போர்டுகள் பலவற்றில் பீப்பாய் வடிவத்தில் நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். தேதியும் நேரமும் மறக்காமல் இருக்க. முப்பது ஆண்டு சும்மா கிடந்தால் அது கசிந்து பக்கத்திலிருக்கும் செம்புக் கோடுகளை அரித்துவிடும். கசிந்தது காரம் என்பதால் முறிக்க வினிகர். தேய்க்க டூத்பிரஷ் (யாருடையது என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு). திருகுகளைப் பிரித்து வைக்க அஞ்சறைப் பெட்டி. கடுகு இருந்த குழியில் ஹார்ட் டிஸ்க் திருகு, சீரகக் குழியில் பிளாப்பி டிரைவின் நுண்ணிய திருகு. இரண்டையும் மாற்றிப் போட்டால் மரை கெட்டுவிடுமாம். ரசத்தில் இரண்டாவது வகை ஒருமுறை கிடைத்ததாக அவர் மனைவி சொன்னார்.

இந்த மார்க்கத்திலும் வடகலை, தென்கலை உண்டு. ஆசாரக்காரர்களுக்கு 1994 பெட்டியென்றால் உள்ளே எல்லாமே 1994. 1996 சவுண்ட் கார்டு பட்டால் தீட்டு. மற்ற கூட்டம், வெளியே பழைய பெட்டி இருந்தால் போதும், உள்ளே நேற்று வந்த பிராசஸரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பெட்டிக்காரர் இரண்டு கோயிலுக்கும் போகிறவர். முதலில் செய்தது இரண்டாவது வகை. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற புது அளவைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பெட்டிகளில் புதுப் போர்டின் துளைகள் பொருந்தாது, பின்பக்கத் தகடும் பொருந்தாது. ஆகவே இரண்டு ஞாயிறு எங்கள் மதியத் தூக்கத்தை கிரைண்டர் அறுத்தது. எல்லாம் மாட்டி முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது. எண்ணி நாலு விநாடியில் அணைந்துவிடுகிறது. எத்தனை முறை முயன்றாலும் அதேதான். பவர் சப்ளையை மாற்றினார், ரேமை மாற்றினார், வாஸ்து பார்க்கலாமா என்று யோசிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டார். மூன்றாவது வாரம்தான் விஷயம் வெளிச்சமானது. பழைய பெட்டியின் பொத்தான் அழுத்தினால் உள்ளேயே நின்றுவிடுகிற ரகம். அந்தக் காலத்தில் 230 வோல்ட் நேராக அதற்கே வந்துபோகும். புதுப் போர்டுக்கோ பொத்தானைத் தொட்டுவிட்டு விடவேண்டும். நாலு விநாடி பிடித்துக்கொண்டே இருந்தால் "அணைந்துவிடு" என்று பொருள். அந்த மூன்று வாரமும் அவர் இளைத்துக் கறுத்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அந்தப் பெட்டியின் முகப்பில் சிவப்பு எழுத்தில் 66 என்று ஒளிரும். மெகாஹெர்ட்ஸ். வேகத்தை அளந்து காட்டுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. பின்னால் சின்னச் சின்ன ஜம்பர்களை மாற்றிக் குத்தினால் எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்டும். கடைக்காரர் அன்று குத்திவிட்ட எண்ணைத்தான் ஊரே நம்பியது. பக்கத்திலேயே டர்போ என்றொரு பொத்தான். பெயர்தான் டர்போ; அது இருந்ததே வேகத்தைக் குறைப்பதற்கு. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் கணக்கை நம்பி எழுதிய விளையாட்டுகள் பிறகு வந்த வேகமான மெஷின்களில் பேய் பிடித்தாற்போல ஓடின. அவற்றை அடக்கத்தான் அந்தப் பொத்தான்.

காயலான் கடையில் எடுத்த 486தான் அடுத்த திருப்பணி. எட்டு மாதம் ஆயிற்று. பவர் சப்ளையிலிருந்து இரண்டு கொத்து வயர் வரும்; போர்டில் மாட்டும்போது இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் ஒட்டி நிற்கவேண்டும். இடம் மாறினால் போர்டு புகைந்துவிடும். "கறுப்போட கறுப்பு, கறுப்போட கறுப்பு" என்று அவர் சஷ்டி விரதக்காரர்போல முணுமுணுப்பது எங்கள் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்கும். பிறகு சவுண்ட் கார்டைக் குடிவைக்கும் படலம். அந்தக் கால மெஷின் ஒண்டுக் குடித்தனம் மாதிரி. கார்டு ஒவ்வொன்றுக்கும் ஐஆர்க்யூ என்று ஒரு எண். ஒரே குளியலறைக்கு ஆளுக்கொரு நேரம் ஒதுக்கியதுபோல. ஏழில் பிரிண்டர் ஏற்கெனவே குடியிருக்கிறது. சவுண்ட் பிளாஸ்டருக்கு ஐந்து. இதற்குள் நெட்வொர்க் கார்டு வந்து ஐந்திலேயே நிற்கும். நடுராத்திரிவரை பஞ்சாயத்து.

இத்தனை கைத்திறன் உள்ளவர் அக்கம்பக்கத்துக்கு உதவுவார் என்று நினைத்தால் தவறு. குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டர் கெட்டபோது கூப்பிட்டோம். எட்டிப் பார்த்துவிட்டு, "இது ரொம்பப் புதுசு, எனக்குப் பழக்கமில்ல" என்று போய்விட்டார். வேலை செய்யும் அறைக்குள் போகும்போது மட்டும் செருப்பை வெளியே விடுவார். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறைக்கு அப்படித்தான் விட்டார்களாம். மெஷின் ஒன்றுக்கு நாலு பேர். இவர் எப்போதும் நாலாவது.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை அழைப்பு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மொட்டை மாடியில் வெளுத்த பெட்டி மோர் நிறத்தில் நின்றது. பொத்தானை அழுத்தினார். ஹார்ட் டிஸ்க் காபிக்கொட்டை அரைத்தது. திரையில் மெமரியை ஒவ்வொன்றாக, வட்டிக்கடைக்காரர் நோட்டு எண்ணுகிற நிதானத்தில் எண்ணியது. ஒரே ஒரு பீப். "ஒரு பீப்னா எல்லாம் சரின்னு அர்த்தம்" என்றார். சி என்ற எழுத்து, இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, ஒரு அம்புமுனை, அதன் பக்கத்தில் கண்சிமிட்டும் சிறு கோடு.

"அடுத்து என்ன சார்?"

"டிர்" என்று அடித்தார். விசைப்பலகை தட்டச்சுப் பயிலகம்போல அதிர்ந்தது. கோப்புப் பெயர்கள் மேலே ஓடி நின்றன. இருவரும் பார்த்தோம்.

"வேற என்ன பண்ணலாம்?"

டேவ் என்ற விளையாட்டைப் போட்டார். சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் குதித்துக் குதித்து வைரம் பொறுக்கினான். நாலு நிமிடத்தில் மூன்று உயிரும் போயிற்று. மறுபடி அதே கண்சிமிட்டும் கோடு. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் முகத்தில், காயலான் கடையில் "நல்லா ஓடுது சார்" என்று பாய் சொன்னபோது வந்த அதே தொங்கல் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன்.

திடீரென்று காதைப் பெட்டியருகே வைத்தார். "ஃபேன்ல ஏதோ சத்தம் வருதுல்ல?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "லேசா வருது சார்" என்றேன்.

கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டார். முதல் திருகு கழன்ற ஓசைக்கே சமையலறையிலிருந்து குரல் வந்தது:

"சீரகத்தை வேற டப்பாவுல கொட்டிட்டு அப்புறம் எடுத்துக்குங்க!"