கேள்வி நேரம்

கேள்வி: ரூபவாஹினிச் செய்தியை எங்கள் தோட்டத்தில் யாரும் நம்புவதில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், எல்கடுவ

பதில்: இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் மரண அறிவித்தலை மட்டும் எல்லாரும் நம்பினார்கள், கவனித்தீர்களா? அதை எழுதிக் கொடுத்தது வீட்டுக்காரர், அமைச்சர் அல்ல.

அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. ஆட்சி மாறினால் அங்கே முதலில் மாறுவது தலைவர் நாற்காலி. 2018 அக்டோபர் 26 இரவு ஜனாதிபதி மைத்திரிபால பிரதமர் ரணிலை நீக்கியதும், புதிய பிரதமரின் ஆதரவாளர்கள் ஓடிய இடம் நாடாளுமன்றமல்ல, அரச தொலைக்காட்சி நிலையம். 2022 ஜூலை 13 அன்று அரசுக்கு எதிரான போராட்டக்காரர்களும் உள்ளே போனார்கள். ஒளிபரப்பு சற்று நேரம் நின்றது. (அன்றுதான் அதைப் பலரும் போட்டுப் பார்த்தார்கள் என்று குறும்புக்காரர் ஒருவர் சொல்கிறார்.)

உங்கள் அனுபவம் வேறு. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்றார்கள். கேட்டுக் கைதட்டினோம். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. செய்தி வந்த வேகத்தில் சம்பளம் வரவில்லை என்றால், கோபம் செய்தி வாசித்தவர் மீதுதானே பாயும்?

ஆனாலும் திட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அரச வானொலியான இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியபோது, அதில் பங்கேற்ற நேயர் ஒருவர் வழக்குப் போட்டார். 1996இல் உயர் நீதிமன்றம் அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. உங்கள் முறைப்பாட்டையும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.