இரவில் முனகும் பெட்டி

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி. வீட்டு றவுட்டரோடு வயரால் இணைத்து, குடும்பத்தின் படங்கள், வீடியோக்கள், காணி உறுதிகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்திருக்கும் சேமிப்புப் பெட்டி. கடைக்காரர் வாயில் அது ‘நாஸ்’. உள்ளே இரண்டோ நான்கோ ஹாட் டிஸ்க்குகள் இரவு பகலாகச் சுழல்கின்றன. பகலில் தெருச் சத்தத்தில் மறைந்துகிடக்கும் முனகல், ஊர் அடங்கியதும் வெளியே வருகிறது.

கேள்வி: மகன் கனடாவில இருந்து வந்து நிக்கேக்க நாஸ் பெட்டி ஒண்டு பூட்டித் தந்திட்டுப் போனான். படுக்கிற அறை மேசையில கிடக்குது. இரவு முழுக்க உம்ம் எண்டு இரையுது. இவரும் குறட்டை, இதுவும் குறட்டை. எதை முதல்ல நிப்பாட்டிறது?
(ஓர் அம்மா, கோண்டாவில்)

பதில்: பெட்டியை நிறுத்துவது சுகம் அம்மா, அதிலிருந்து தொடங்குவோம். அதற்குப் படுக்கையறையில் ஒரு வேலையும் இல்லை. கரண்டும் ஒரு நெற்வேர்க் கேபிளும் இருந்தால் எங்கிருந்தும் வேலை செய்யும். அந்தக் கேபிள் 100 மீற்றர் வரை ஓடலாம். உங்கள் வளவில் முன் கேற்றில் இருந்து பின் கிணற்றடி வரைக்கும் காணும். சாமான் அறையில் ஒரு தட்டு, விறாந்தை மூலையில் ஒரு உயரமான இடம், எதுவும் சரி. குசினி வேண்டாம், எண்ணெய்ப் புகை. சாமி அறையும் வேண்டாம், சாம்பிராணிப் புகை. நிலத்திலும் வைக்காதீர்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது எத்தனை வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மகன் பூட்டிய பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். முறையாக நிறுத்தி, ஃபான் நின்றபிறகு தூக்கினால் போதும்.

ஐயாவின் குறட்டை விடயம். இடையிடையே மூச்சு நின்று, பிறகு திணறி எழும்புவது போல் இருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் காட்டுங்கள். பெட்டியைவிட அது அவசரம்.

கேள்வி: கம்பஸுக்குப் பக்கத்தில வாடகைக்கு ஒரே ஒரு அறை. இடம் மாத்த ஏலாது. ஆனா ஒரு விசித்திரம். ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியைக் கையில தூக்கினா சத்தம் பாதியாக் குறையுது, மேசையில வைச்சா திரும்ப இரையுது. என்ன காரணம்?
(ஒரு மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, சுழல்கிற டிஸ்க்கை இனிமேல் தூக்காதேங்கோ. எழுதி வாசிக்கும் முனை, தட்டுக்கு மேலே சில நானோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பு அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. கை ஆடினால் முனை தட்டில் உரசும், உரசினால் உங்கள் நோட்ஸ் போச்சு.

ஆனால் நீங்கள் கண்டுபிடித்தது இந்த முழு விவகாரத்தின் சூத்திரம். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் டிஸ்க் செக்கனுக்கு 120 தடவை அதிர்கிறது. 5400 சுற்று என்றால் 90 தடவை. டிஸ்க் சிறியது, தானாக அதிகம் காற்றை அசைக்காது. அந்த அதிர்வு பெட்டியின் கால் வழியாக மேசைக்குள் இறங்கினதும், அகலமான பலகை முழுவதும் அதிர்ந்து அறைக் காற்றை ஆட்டுகிறது. இரவில் உங்கள் காதுக்கு வருவதில் பெரும்பங்கு மேசை போடும் சத்தம். கையில் தூக்கியபோது நடுவில் இருந்த உங்கள் சதை அதிர்வை விழுங்கிவிட்டது. அந்த வேலையை றப்பரிடம் கொடுக்கலாம்.

பழைய பாட்டாச் செருப்பு ஒரு சோடி இருக்கிறதா? கழுவிக் காயவிட்டு, தேயாத தடித்த இடத்தில் நான்கு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றும் நெருப்புப் பெட்டியில் பாதி போதும். பெட்டியின் நான்கு காலுக்கும் கீழே ஒவ்வொன்று. சத்தம் கூட இருக்கிறதே என்று முழுச் செருப்பையும் விரித்துவிடாதீர்கள். பாரம் பரவினால் றப்பர் அமுங்காது; அமுங்காத றப்பர் அதிர்வை அப்படியே கடத்தும். நசிந்து தட்டையாகிப் போனாலும் அதே கதைதான். கொஞ்சம் அமுங்க வேண்டும், பெட்டியை மெல்லத் தொட்டால் அசைந்து திரும்பி வர வேண்டும்.

அப்படியும் இரைந்தால் ஒரு தட்டையான சீமெந்துக் கல் எடுங்கள். கல்லின் கீழே றப்பர்த் துண்டுகள், கல்லின் மேலே பெட்டி. றப்பருக்கு மேலே பாரம் கூடக் கூட, அது அமுங்கும் அளவுக்குள் இருக்கும்வரை, கீழே இறங்கும் அதிர்வு குறையும். வீட்டுக்காரர் பாவிக்காமல் போட்ட அம்மி ஒன்று பின்பக்கம் கிடந்தால் அது இன்னும் விசேஷம், கேட்டுவிட்டு எடுங்கள். மேசை தாங்குமா என்பதையும் முதலில் பாருங்கள். பெட்டி சுவரில் முட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள், சுவரும் ஒரு பெரிய பலகைதான். கடைசியாக, ஓடும்போது பெட்டியின் பக்க மூடியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறினால் எங்கோ ஒரு ஸ்குறூ தளர்ந்திருக்கிறது. நிறுத்திவிட்டு முறுக்குங்கள்.

கேள்வி: புது டிஸ்க் போட்ட நாள் தொட்டு 5 செக்கனுக்கு ஒருக்கா டிக் எண்டுது. அம்மம்மா பல்லி சொல்லுது எண்டு ஒவ்வொருக்காவும் திசை பாத்துப் பலன் சொல்லுறா. வீட்டில ஒரு நல்ல காரியம் தொடங்க விடுறா இல்லை.
(சாவகச்சேரி வாசகர்)

பதில்: வெஸ்ரேன் டிஜிற்றல் நிறுவனத்தின் பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பலவற்றில் இந்தப் பல்லி உண்டு. வேலை இல்லாமல் சுழலும்போது முனை ஒரே இடத்துக்கு மேலே மிதந்துகொண்டிருந்தால், தட்டில் பூசியிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படை அந்த இடத்தில் தேயும். அதனால் டிஸ்க் தானாகவே முனையை இடைக்கிடை நகர்த்துகிறது. குறை அல்ல, காப்பு. நிறுத்த வழியில்லை, றப்பர் துண்டு வைத்தால் குறையும்.

அம்மம்மாவிடம் பலனை இப்படிச் சொல்லுங்கள்: ஒழுங்காக 5 செக்கனுக்கு ஒருமுறை சொன்னால் நல்ல பலன். ஒழுங்கு தவறிச் சொன்னால், கூடவே படம் திறக்கவும் தாமதமானால், கெட்ட பலன். அப்போது பெட்டியின் ‘ஸ்மார்ட்’ அறிக்கையைத் திறந்து, பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் புது டிஸ்க் வாங்கும் நல்ல காரியத்தைத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: நான் சங்கீத ரீச்சர். எங்கட பெட்டியில இரண்டு டிஸ்க். சத்தம் ஒரே அளவா நிக்குதில்லை, சில செக்கனுக்கு ஒருக்கா ஏறி இறங்குது. பழுதோ?
(இணுவில் வாசகி)

பதில்: இணுவில் காது தப்பாது ரீச்சர். தம்புராவின் இரண்டு தந்திகளில் ஒன்று மயிரிழை பிசகினால் கேட்கும் அதே அலைதான் இது. இரண்டு டிஸ்க்கும் 7200 என்று எழுதியிருந்தாலும் ஒன்று செக்கனுக்கு 120 சுற்றும் மற்றது 119.8 சுற்றும் சுழன்றால், 5 செக்கனுக்கு ஒருமுறை சத்தம் ஏறி இறங்கும். பழுதில்லை. சுருதி சேர்க்கப் பிருடை இல்லாத கருவி இது. அதிர்வு மேசைக்கு இறங்காமல் மேலே சொன்னபடி தடுப்பதுதான் வழி.

கேள்வி: சத்தத்துக்குப் பரிகாரமா பெட்டியை அம்மாவின்ர சீதன அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினன். சத்தம் நிண்டுது. இப்ப சேலையெல்லாம் சூடாக் கிடக்குது எண்டு அம்மா பேசுறா. ஆர் சரி?
(மானிப்பாய் வாசகர்)

பதில்: அம்மா சரி. உடனே கதவைத் திறவுங்கள்.

இரண்டு டிஸ்க் பெட்டி 15, 20 வாற் மின்சாரம் குடிக்கிறது. குடித்தது முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. சித்திரை வெயிலில் ஏற்கெனவே வெந்துகிடக்கும் அறையில், மூடிய அலுமாரிக்குள் அந்த வெப்பத்துக்குப் போக இடமில்லை. பெரும்பாலான நாஸ் டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர் போட்டிருக்கும் எல்லை 60 அல்லது 65 பாகை. அந்த எல்லை வரை ஓடவிடலாம் என்று எடுக்காதீர்கள். 45க்குள் வைத்திருங்கள், 50 தாண்டினால் ஏதாவது செய்யுங்கள். 2007இல் கூகிள் பொறியியலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து எழுதியபோது, மிதமான சூடு நினைத்த அளவு ஆபத்தில்லை என்றும், மிகுந்த சூடு வயதான டிஸ்க்குகளைத்தான் பதம் பார்க்கிறது என்றும் கண்டார்கள். நம்மிடம் இருப்பதில் பாதி வயதானவை.

அலுமாரிதான் வேண்டும் என்றால் கட்டிலைப் பார்த்த முன்கதவை மூடிவிட்டு, பின்பலகையைக் கழற்றுங்கள். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சேலைகளுக்கு வேறு இடம் பாருங்கள். பெட்டியின் ஃபானில் தூசி அடைத்திருந்தால் நிறுத்திவிட்டு, இதழ் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடையுங்கள். தூசி பிடித்த ஃபான் இரண்டு மடங்கு வேலை செய்து இரண்டு மடங்கு கத்தும்.

கேள்வி: டிஸ்க் சத்தம் எங்களைக் கெடுக்குது, சரி. கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கர் சத்தம் டிஸ்க்கைக் கெடுக்குமோ?
(உடுவில் வாசகர்)

பதில்: அருமையான கேள்வி. கெடுக்கும் என்பதற்கு உலகத்தில் சாட்சி உண்டு. 2008இல் பிரெண்டன் கிரெக் என்ற பொறியியலாளர், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன்னால் நின்று வாய்விட்டுக் கத்தினார். டிஸ்க்குகள் பதில் சொல்லும் வேகம் அந்தக் கணமே விழுந்ததைத் திரையில் காட்டினார். 2016 செப்ரெம்பரில் ருமேனியாவின் புக்காரெஸ்ற் நகரில், ஒரு வங்கியின் தரவு நிலையத்தில் தீயணைப்பு வாயுவைச் சோதித்தபோது, வாயு பீறிட்ட சத்தத்திலேயே ஹாட் டிஸ்க்குகள் பழுதாகி வங்கிச் சேவை பல மணிநேரம் நின்றது.

உங்கள் கோயில் லவுட்ஸ்பீக்கர் வீதி தாண்டி வரும்போது அந்த அளவு பலம் இருக்காது. பயப்பட வேண்டியது வீட்டுக்குள் இருப்பதற்கு. பாட்டுக் கேட்கும் பேஸ் ஸ்பீக்கரையும் நாஸ் பெட்டியையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள்.

கேள்வி: கரண்ட் போகேக்க பெட்டியில டக் எண்டு ஒரு சத்தம் கேட்டுது. பயந்துபோய் யூபிஎஸ் வாங்கினன். இப்ப கரண்ட் போனா அது கீக் கீக் எண்டு கத்துது. ஒரு சத்தத்துக்கு மருந்து வாங்கி இன்னொண்டைக் கொண்டந்திட்டன்.
(பருத்தித்துறை வாசகர்)

பதில்: அந்த ‘டக்’ பற்றி யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்ல எனக்கு ஆசை. கரண்ட் அறுந்ததும் டிஸ்க்குக்கு வெளியில் இருந்து ஒரு துளி மின்சாரமும் இல்லை. ஆனால் மிதக்கும் முனையை உடனே பத்திரமான இடத்துக்கு இழுத்தாக வேண்டும். தட்டுகள் இன்னும் வேகத்தில் சுழல்கின்றன அல்லவா? அந்தச் சுழற்சியால் மோட்டரே டைனமோவாகி மின்சாரம் தருகிறது, அந்த மின்சாரத்தில் முனை ஒதுங்குகிறது. 1990களில் குடாநாட்டில் கரண்ட் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுழற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறைக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் அது அவசர ஒதுங்கல். அடிக்கடி நடந்தால் முனைக்குக் கூடாது, பாதி எழுதிய கோப்புக்கும் கூடாது. யூபிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அதிலிருந்து பெட்டிக்கு ஒரு யூஎஸ்பி வயர் கொடுங்கள். கரண்ட் போய்ச் சில நிமிடத்தில் பெட்டி தானாக முறைப்படி நிற்கும்படி கட்டுப்பாட்டுப் பக்கத்தில் சொல்லிவையுங்கள். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டியதுபோல் இன்னொருமுறை வந்தால் எந்த வீட்டு யூபிஎஸ்ஸும் தாக்குப்பிடிக்காது. அதன் கடமை முறையாக நிறுத்த நேரம் கொடுப்பது மட்டும். கீக் சத்தத்தைப் பல யூபிஎஸ்களில் முன்பட்டனை அழுத்தியோ மென்பொருளிலோ நிறுத்தலாம். கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: பகல் முழுக்க அமைதி. சரியா இரவு இரண்டு மணிக்குக் கரகர எண்டு தொடங்குது. பேய்க் கணக்கா இருக்கு.
(கரவெட்டி வாசகி)

பதில்: பேய்க்கு நேரசூசி இல்லை அக்கா, பெட்டிக்கு உண்டு. டிஸ்க்கைச் சரிபார்ப்பது, பிரதி எடுப்பது, படங்களை வகைப்படுத்துவது எல்லாம் ஆட்கள் தூங்கும் நேரத்துக்குப் போடப்பட்டிருக்கும். பகல் பதினொரு மணிக்கு மாற்றுங்கள். அரைமணி நேரம் யாரும் தொடாவிட்டால் டிஸ்க் உறங்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறங்கி எழும்பும்படி வைத்தால் தேய்மானம். சிசிரிவி பதிவும் இதே பெட்டியில் என்றால் அது உறங்கவே மாட்டாது. கமராவுக்கு வேறு டிஸ்க் கொடுங்கள்.

கேள்வி: எல்லாத்தையும் எஸ்எஸ்டி ஆக்கினா இந்தத் தலையிடி ஒண்டும் இல்லையே?
(நல்லூர் வாசகர்)

பதில்: இல்லை. சுழலும் பாகமே இல்லாததால் முழு மௌனம். அதே கொள்ளளவுக்குப் பலமடங்கு விலை. இன்னொன்று: எழுதி எழுதி ஆயுள் முடிந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 பாகையில் ஒரு வருடம் தரவைக் காத்தால் போதும் என்பதுதான் அதற்கான தொழில்துறை அளவுகோல். நமக்கு 30 பாகை என்பது நிழல். ஆகவே அன்றாடம் தொடுவதை எஸ்எஸ்டியில் வையுங்கள், பெரிய சேமிப்பை ஹாட் டிஸ்க்கில் உறங்கவிடுங்கள். பழைய எஸ்எஸ்டியை அலுமாரியில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: இளைப்பாறிய ஆசிரியர் நான். அப்பா சேர்த்த பழைய சஞ்சிகைகள், மலர்கள் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணிப் பெட்டியில வைச்சிருக்கிறன். நேற்றில இருந்து உலோகம் உரசிற மாதிரி ஒரு சத்தம். எப்பிடிக் குறைக்கலாம்?
(காரைநகர் வாசகர்)

பதில்: ஐயா, இதைக் குறைக்கப் பார்க்காதீர்கள். மற்றவர்களுக்குச் சொன்ன றப்பரும் கல்லும் உங்களுக்கு இல்லை. உரசலோ, அடித்து நின்று மீண்டும் தொடங்கும் ‘டக் டக்’கோ, டிஸ்க் சாகும் சத்தம். வேறெங்கும் கிடைக்காத கோப்புகளை முதலில் தெரிந்தெடுத்து வேறொரு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அது முடிந்ததும் பெட்டியை நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். நம் ஊர் ஈரப்பதனில் அது தட்டில் நீர் படிய வைக்கும், வேறொன்றும் நடக்காது.

பெட்டியில் இரண்டு டிஸ்க் ஒன்றையொன்று பிரதி செய்வதால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஒரு மின்னல் இரண்டையும் கொண்டுபோகும். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 அளவிலான நூல்கள் போயின. அவற்றில் திரும்ப வராதவை, வேறெங்கும் பிரதி இல்லாதவை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் அப்பாவின் மலர்களில் அங்கே இல்லாதவை எவை என்று தேடிப் பார்த்து, அவற்றை அவர்களுக்குக் கொடுங்கள். இன்னொரு பிரதி மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ, வேறு கூரையின் கீழ் இருக்கட்டும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள். சத்தத்தை அடுத்த கிழமை குறைக்கலாம், பிரதியை இன்றிரவே எடுங்கள்.