பயிற்சியக்கா

வன்னியில் எந்த ஊரில் பஸ்ஸால் இறங்கினாலும் ஒரு பயிற்சியக்கா இருப்பார். வீட்டு இலக்கம் தேவையில்லை. படலையைத் திறந்ததும் விறாந்தைச் சுவரைப் பார்த்தால் போதும்: முருகன், மடுமாதா என்று எந்தப் படம் தொங்கினாலும், அதற்குச் சமமான உயரத்தில் சட்டம் போட்ட சான்றிதழ்களும் வரிசையாகத் தொங்கும். காளான் வளர்ப்பு, கூட்டெரு தயாரிப்பு, பழப்பாகு, தேனீ வளர்ப்பு, சிறுமுயற்சியாளர் கணக்குப் பதிவு, முரண்பாட்டு முகாமைத்துவம். கடைசியாகச் சொன்னதை மாமியாரிடம் ஒருமுறை பிரயோகித்துப் பார்த்துவிட்டு, அந்தச் சட்டத்தை மட்டும் அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

எல்லாம் 2010இல் மீள்குடியேறி, தறப்பாளுக்குக் கீழே இருந்த காலத்தில் தொடங்கியது. அப்போது வாகனம் வரும், பெயர் கேட்கும், அழைத்துப் போகும். காலையில் பனரைக் கட்டி, வெள்ளைத்தாள் ஒட்டி, ‘எதிர்பார்ப்பு என்ன’ என்று கேட்பார்கள். பத்தரைக்குத் தேநீர், ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பார்சல், பின்னேரம் போக்குவரத்துக் காசு. மற்றவர்கள் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டார்கள். அக்கா கழலவில்லை. திட்ட அறிக்கைகளில் ‘பயனடைந்த பெண்கள்’ என்ற கட்டத்தில் எந்தத் தொகையைக் கண்டாலும் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அதில் பல தலைகள் இவருடைய ஒரே தலைதான்.

இதனால் அவருடைய பேச்சும் மாறிவிட்டது. பிள்ளைகள் சண்டை பிடித்தால் “ரெண்டு குழுவாப் பிரிஞ்சு இருங்கோ” என்பார். கணவர் கடைக்குப் போய்வந்தால் “அடைவு என்ன?” என்று கேட்பார். ஊருக்கு யார் வந்து இரண்டு வார்த்தை பேசினாலும் அவர் வளவாளர்தான். ஐயர் உட்பட.

2022இல் காஸும் மண்ணெண்ணெயும் வரிசையில் நின்றும் கிடைக்காமல், மீன் விலை கையைச் சுட்ட பிறகு, பயிற்சிகளும் திசை மாறின. ‘மாற்றுப் புரதம்’ வந்தது. அதோடுதான் டெம்பேயும் அக்காவின் குசினிக்குள் வந்தது.

டெம்பே யாவாத்தீவின் ஏழை வீட்டுச் சாப்பாடு. சோயா அவரையை இரவிரவாக ஊறவைத்து, அவித்து, தோல் கழற்றி, நீர் வடிய உலர்த்தி, ஒரு கரண்டி வினாகிரி விட்டு, ரைசோபஸ் என்ற பூஞ்சணத்தின் தூளைப் பிசிறி, வாழையிலையில் இறுக்கமில்லாமல் கட்டிவைக்க வேண்டும். முப்பது பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றரை, இரண்டு நாளில் வெள்ளை இழை ஓடி, அவரை எல்லாவற்றையும் ஒரே கட்டியாகப் பிணைத்துவிடும். குளிர்நாட்டுக்காரர் இதற்கென்று பெட்டி செய்து, உள்ளே மின்குமிழ் எரித்துச் சூடேற்றுகிறார்கள். கிளிநொச்சிக்குச் சித்திரை மாதத்தில் குமிழ் எதற்கு? சூடு கூடிவிடாமல் பார்ப்பதுதான் இங்கே வேலை. அக்கா பொட்டலங்களை மண்பானைக்குப் பக்கத்தில் நிழலில் அடுக்கி, மேலே திகதி எழுதி ஒட்டினார்.

இரண்டாம் நாள் மாமியார் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

“பிள்ளை, உது பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. மாட்டுக்கும் வைக்காதை.”

“பிடிக்கத்தான் வேணும் மாமி. அதுதான் சாமானே.”

“அப்பிடியோ? நிவாரண மாவிலை பிடிச்ச பூஞ்சணத்தை வெயிலிலை காயவைச்சு, அரிச்செடுத்து ரொட்டி சுட்டுத் திண்டனாங்கள். எங்களுக்கு ஒருத்தனும் சேட்டிபிக்கற் தரேல்லையே!”

இதற்கான பதில் முரண்பாட்டு முகாமைத்துவத்தில் இருந்திருக்கலாம். அது அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது.

அக்காவின் பெரிய குணம், படித்ததோடு நிற்கமாட்டார். தூள் முடிந்தால் என்ன செய்வது என்று வளவாளரைக் கேட்டிருக்கிறார். யாவாவில் முன்பு தேக்கிலையிலும் நீர்ப்பருத்தி இலையிலும் பூஞ்சணத்தை வளர்த்து, காயவைத்து, அடுத்த தரத்துக்கு வித்தாக வைத்துக்கொள்வார்களாம். நீர்ப்பருத்தி பூவரசுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அன்று முதல் வேலிப் பூவரசை அவர் பார்க்கிற பார்வையே வேறு. சோயா இல்லாவிட்டால் பால் பிழிந்த தேங்காய்ப்பூவில் செய்யலாமா என்றும் கேட்டாராம். அந்த ஓரிடத்தில் மட்டும் வளவாளர் சிரிக்காமல் பேசியிருக்கிறார். பேசியதும் நியாயம். மத்திய யாவாவின் பான்யுமாஸ் பக்கத்தில் தேங்காய்ச் சக்கையில் ‘போங்க்ரெக்’ என்றொரு டெம்பே செய்தார்கள். அதில் ஒரு பக்டீரியா புகுந்தால் கொடிய நஞ்சு ஊறும். குடும்பம் குடும்பமாகச் செத்தபிறகு, 1988இல் இந்தோனேசிய அரசு அதைத் தடை செய்தது. இதைக் கேட்ட மாமியார் முதற்தடவையாகப் பயிற்சியை மதித்து, தேங்காய்ப்பூச் சட்டியைத் தன் கட்டிலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

சமைக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை. கறியின் பெயர் ‘ஓரெக் டெம்பே’. டெம்பேயைத் தீக்குச்சிப் பெட்டியின் பாதித் தடிப்பில் சீவி, தேங்காயெண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுக்க வேண்டும். அதே தாச்சியில் வெங்காயம், உள்ளி, செத்தல் மிளகாய், அரத்தைத் துண்டு. அரத்தை வாங்க நாட்டுமருந்துக் கடைக்குப் போனபோது கடைக்காரர் “ஆருக்கு அக்கா இருமல்?” என்று கேட்டார். யாவாக்காரர் பனைவெல்லம் சேர்த்துக் காய்ச்சிய தடித்த சோயா சோஸ் விடுவார்கள். அது பரந்தன் சந்திக் கடைகளில் ஏது? கறுப்புச் சோஸ் போத்தலும் ஒரு குட்டான் பனங்கட்டியும் அந்த வேலையைச் செய்தன. கொஞ்சம் பழப்புளி, அவர்களுடைய சலாம் இலைக்குப் பதிலாகக் கறிவேப்பிலை. சோஸ் வற்றிப் பாகாகி, துண்டுகளில் பளபளவென்று ஒட்டும்வரை பிரட்ட வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்த மணத்துக்கு அடுத்த வளவுக்காரியே வேலியால் எட்டிப் பார்த்தார்.

கணவர் மட்டும் அசையவில்லை.

“இஞ்சை பாரும், உதுக்கு ரெண்டு பைக்கற் சோயா மீற் வாங்கியிருக்கலாமே?”

அவரிலும் பிழையில்லை. 1970களில் இலினோய் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு இந்த நாட்டுக்குச் சோயாவைப் பழக்கப் பெருமுயற்சி நடந்தது. பால், மா, பலகாரம் என்று என்னென்னவோ காட்டிப் பார்த்தார்கள். சனம் கடைசியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, வெந்நீரில் போட்டால் ஊதிப் பெருகுகிற அந்தச் சோயா மீற்றைத்தான். விரத நாளில் மீன் ஞாபகத்தை ஆற்ற அதைவிட்டால் கதியில்லை. ஆனால் அது எண்ணெய் எடுத்த மாவை இயந்திரத்தில் பிழிந்தது. இது முழு அவரை என்று அக்கா சட்டிக்கு முன்னால் நின்று விளக்கம் கொடுத்தார். சோறு ஆறியது.

சாப்பிட்டார்கள். சின்னவன் மொறுமொறுத் துண்டுகளை மட்டும் பொறுக்கினான். மாமியார் “ஈரப்பலாக்காய்ப் பொரியல் மாதிரிக் கிடக்கு” என்றார். இது அவருடைய அகராதியில் ஏறத்தாழப் பாராட்டு. அவருடைய கோப்பையில் மிச்சம் இருக்கவில்லை.

கை கழுவ எழும்பியவர்களை அக்கா இருத்தினார். கொப்பித் தாளில் கோடு போட்டு வைத்திருந்த மதிப்பீட்டுப் படிவம், ஆளுக்கொன்று. மிக நன்று, நன்று, பரவாயில்லை. சின்னவன் மூன்றுக்கும் சரி போட்டான். கணவர் நீண்ட நேரம் யோசித்து, ‘மேம்படுத்த வேண்டியவை’ என்ற இடத்தில் “அடுத்த அமர்வில் கொஞ்சம் சூடைமீன்” என்று எழுதினார்.

மாமியார் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தாச்சியின் அடியில் பெருவிரலைத் தேய்த்து, கீழ் மூலையில் அழுத்தினார்.

“கைநாட்டு எதுக்கு மாமி? பிடிச்சுதோ இல்லையோ எண்டுதானே கேட்டிருக்கு?”

“அது ஆருக்குத் தெரியும்? சாமான் தந்தால் வைக்கிறதுதானே.”